பழைய பிக்கப் வண்டி ஐடில்ல (ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம இஞ்சின் ஓடும்போது) குலுங்கி ஆஃப் ஆகுதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க

என் பழைய பிக்கப் மூணு மாசம் என்னைப் பாடாப் படுத்துச்சு. காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், நல்லா நிக்கும், எந்தக் குறையும் சொல்ல முடியாது. இருபது நிமிஷம் ஓட்டி சூடாயிட்டா போதும், எங்கயாவது பிரேக் பிடிச்சு நின்னா ஆர்பிஎம் முள்ளு தள்ளாட ஆரம்பிக்கும், ஸ்டீயரிங் நடுங்கும், அப்புறம் பொசுக்குனு ஆஃப். நான் என்ன பண்ணேன்னா ஆளாளுக்கு சொன்னதைக் கேட்டு முதல்ல பிளக் மாத்துனேன், அப்புறம் ஐடில் வால்வு, அப்புறம் ஆக்சிஜன் சென்சார், கடைசில டேங்கையே இறக்கி பெட்ரோல் பம்ப்பும் மாத்தியாச்சு. ஒண்ணும் நடக்கல. பார்த்தா த்ராட்டில் பாடிக்கு (இஞ்சினுக்குள்ள போற காத்தைத் திறந்து மூடுற பகுதி) அடியில, கண்ணாடி வச்சுப் பார்த்தாதான் தெரியும், விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் எல்போ (வளைஞ்ச குழாய்), அதோட அடிப்பக்கம் கிழிஞ்சிருந்துச்சு. நான் வாங்கின எல்லா பார்ட்டுலயும் சின்னது அதுதான், விலை குறைஞ்சதும் அதுதான்.

அதனால இந்த வரிசையை எழுதுறேன். காசே ஆகாத சோதனை முதல்ல, கம்மியா ஆகுறது அடுத்து, டேங்க் இறக்குற வேலையெல்லாம் கடைசில. இது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு. கார்புரேட்டர் வண்டின்னா ஏர் லீக் (ஓட்டை வழியா இஞ்சினுக்குள்ள கூடுதல் காத்து போறது), பிளக், கம்ப்ரஷன் பகுதி எல்லாம் உங்களுக்கும் பொருந்தும், கூடவே சோக் சூடானப்புறம் முழுசா திறக்குதா, ஐடில் ஜெட்ல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாருங்க. டீசலுக்கு இது சரிப்படாது, அதோட கதையே வேற.

1. முதல்ல நோட்டுப் புத்தகம், ஸ்பேனர் அப்புறம்

எப்ப ஆஃப் ஆகுது, எப்படி ஆஃப் ஆகுதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க. இஞ்சின் எவ்ளோ சூடு, கியர்ல இருந்துச்சா நியூட்ரல்லயா, ஏசி போட்டிருந்தீங்களா, டேங்க்ல எவ்ளோ பெட்ரோல், மறுபடி உடனே ஸ்டார்ட் ஆச்சா இல்ல காத்திருக்கணுமா. இதைச் சோம்பல் பட்டு விட்டதுதான் நான் பண்ண முதல் தப்பு.

ஏன்னா ஒவ்வொரு விதமான ஆஃப்பும் ஒவ்வொரு பக்கம் கை காட்டும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே யாரோ சாவியைத் திருப்புன மாதிரி டக்குனு நின்னு, அரை மணி நேரம் ஆறினா மறுபடி ஒழுங்கா ஓடுதுன்னா அது பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம்: கிராங்க் சென்சார், இக்னிஷன் மாட்யூல், காயில், இல்லைன்னா ஏதோ ஒரு ரிலே. அதே திணறித் திணறி, இழுவை குறைஞ்சு, இருமி இருமி நின்னா பெட்ரோல் போய்ச் சேரல. ரேஸ் பண்ணா நல்லா இருக்கு, கால் எடுத்தா மட்டும் குலுங்குதுன்னா ஏர் லீக், இஜிஆர் வால்வு (என்னன்னு 6ல சொல்றேன்), கரி பிடிச்ச த்ராட்டில் இந்த மூணுல ஒண்ணு. குளிர்ல மட்டும் மக்கர் பண்ணி சூடானதும் சரியாயிடுச்சுன்னா கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையும் ஐடில் வால்வையும் சந்தேகப்படுங்க. மழையிலயும் பனியிலயும் மட்டும்னா பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப். பெட்ரோல் போட்டுட்டு கிளம்பின உடனே மட்டும்னா டேங்க் ஆவியை இஞ்சினுக்குள்ள விடுற பர்ஜ் வால்வு மூடாம நிக்குது.

ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. சூடானப்புறம், நிக்கப் போற நேரத்துல மட்டும், கிளட்ச் மிதிக்காம பிரேக் போட்ட மாதிரி உதறி ஆஃப் ஆகி, நியூட்ரல்ல போட்டா ஒண்ணுமே ஆகலைன்னா இஞ்சினைக் குறை சொல்லாதீங்க. இஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பூட்டுற டார்க் கன்வர்ட்டர் லாக்கப் விடாம பிடிச்சிருக்கலாம். இதுக்குப் போய் பிளக் மாத்துனவங்க நிறைய பேர்.

2. கையில இருக்க வேண்டிய பேப்பர்

பானெட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை போட்டோ எடுத்து வைங்க. பிளக் நுனில இடைவெளி எவ்ளோ, டைமிங் (பிளக் பொறி விடுற நேரம்) எவ்ளோ, நிறைய வண்டில வேக்குவம் ஹோஸ் (இஞ்சின் உறிஞ்சுற சின்ன ரப்பர் குழாய்) எங்கிருந்து எங்க போகுதுன்னு படமே இருக்கும். ஸ்டிக்கர் போயிருந்தா ஒர்க்‌ஷாப் மேனுவல் தேடுங்க, ஆனா உங்க வண்டியோட அதே வருஷம், அதே இஞ்சினுக்கு உண்டானது வேணும். ஒரே பேர்ல வந்த வண்டில ஒரு வருஷம் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ள போற காத்தை அளக்குறது) இருக்கும், அடுத்த வருஷம் இருக்காது. பழைய பில்லெல்லாம் இருந்தா அதையும் எடுங்க, பெட்ரோல் ஃபில்டர் கடைசியா எப்ப மாத்துனதுன்னு அதுலதான் தெரியும்.

கருவின்னு பார்த்தா ஒரு மல்டிமீட்டர், ஒரு வேக்குவம் கேஜ், டார்ச், சின்ன கண்ணாடி, ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச கோளாறு நம்பரை, அதாவது கோடைப் படிக்கிற கருவி). ஸ்கேனர் வாங்கும்போது கோட் மட்டும் காட்டுறது வேண்டாம், இஞ்சின் ஓடும்போது சென்சார் அளவு காட்டுற மாதிரி வாங்குங்க, விலை கொஞ்சம்தான் கூட. பெட்ரோல் பிரஷர் கேஜும் கம்ப்ரஷன் கேஜும் ஒரு தடவைதான் வேணும், இரவல் வாங்குனா போதும்.

3. காசே ஆகாத அரை மணி நேரம்

இஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், ஓடும்போது சுமார் 13.5ல இருந்து 14.7க்குள்ள. இதுவே சரியில்லைன்னா மத்த எதையும் பார்க்காதீங்க, கரண்ட் குறைஞ்சா கம்ப்யூட்டரும் இன்ஜெக்டரும் பைத்தியம் பிடிச்ச மாதிரி நடந்துக்கும். அடுத்து எர்த் ஒயர். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை இஞ்சின் பிளாக்லயும் வச்சு, இஞ்சின் ஓடும்போது லைட், ஃபேன் எல்லாம் போட்டுப் பாருங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் துருப்பிடிச்சிருக்கு. கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி மாட்டுங்க.

அப்புறம் ஏர் ஃபில்டர் பாக்ஸ்ல இருந்து த்ராட்டிலுக்குப் போற பெரிய ரப்பர் குழாய். மடிப்பு மடிப்பா இருக்கும். மேல தடவிப் பார்த்து நல்லா இருக்குன்னு விட்றாதீங்க, கழட்டி, வளைச்சு, மடிப்புக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாருங்க. கியர்ல போட்டதும் இஞ்சின் லேசா சாயும், அப்ப மட்டும் வெடிப்பு வாயைத் திறக்கும். ரிவர்ஸ்ல நல்லா இருக்கு, முன்னாடி போனா ஆஃப் ஆகுதுன்னு சொல்றவங்க முதல்ல இதைப் பார்க்கணும்.

இன்னொரு விஷயம். வண்டி குலுங்குது, ஆனா ஆர்பிஎம் முள்ளு அசையாம நிக்குது, சைலன்சர் சத்தமும் சீரா வருதுன்னா இஞ்சின் நல்லாத்தான் ஓடுது, அடியில இருக்குற மவுன்ட் ரப்பர் போயிருக்கு.

4. ஸ்கேனர் சொல்றதை எப்படிப் படிக்கிறது

அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து கார், லைட் டிரக் எல்லாத்துலயும் ஓபிடி 2 கட்டாயமாச்சு, மத்த நாடுகள்ல அதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. ஸ்டீயரிங்குக்கு அடியில 16 பின் சாக்கெட் இருந்தா பெரும்பாலும் ஸ்கேனர் வேலை செய்யும். அதுக்கு முந்தின வண்டில, மேனுவல்ல சொல்ற ரெண்டு பின்னை ஒரு ஒயரால இணைச்சா செக் இஞ்சின் லைட் மின்னி மின்னி நம்பர் சொல்லும், அந்த மாதிரி வண்டியும் நிறைய உண்டு. எந்தப் பின்னுன்னு உறுதியாத் தெரியாம ஒயரைச் சொருகாதீங்க.

பி0300 வந்தா எந்த சிலிண்டர்னு சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியா எரியாம போறது), பி0301ல இருந்து கடைசி எண் சிலிண்டரைச் சொல்லுது. பி0171, பி0174 வந்தா கலவையில காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட். பி0505 ஐடில் கன்ட்ரோல்.

இங்கதான் எல்லாரும் விழுற குழி. பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சார் மாத்துறது. நானும் மாத்துனேன். அந்த சென்சார் பாவம், காத்து ஜாஸ்தியா வருதுன்னு உண்மையைத்தான் சொல்லிச்சு, உண்மை சொன்னவனை வேலையை விட்டுத் தூக்குன மாதிரி ஆச்சு. கோட்ங்கிறது எங்க தேடணும்னு சொல்லுமே தவிர எந்த பார்ட் வாங்கணும்னு சொல்லாது.

கோட் நம்பரை விட ஃபியூல் டிரிம்தான் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்ளோ கூட்டிக் குறைக்குதுங்கிற அளவு) நல்லா பேசும். இஞ்சின் சூடானப்புறம் ஷார்ட் டிரிம் (அந்த நிமிஷத்து அளவு), லாங் டிரிம் (கொஞ்ச நாளா படிச்சு வச்ச அளவு) ரெண்டையும் கூட்டுங்க. பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல போனா கம்ப்யூட்டர் கூடுதலா பெட்ரோல் ஊத்தி சமாளிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இப்ப 2500 ஆர்பிஎம்ல பிடிச்சுப் பாருங்க. ஐடில்ல 20 காட்டுனது அங்க 3, 4ன்னு இறங்குனா ஏர் லீக், ஏன்னா த்ராட்டில் திறந்தப்புறம் உள்ள போற மொத்தக் காத்துல அந்த ஓட்டை வழியா வர்றது ஒரு பொருட்டே இல்ல. அதுவே ரேஸ் பண்ணப் பண்ண டிரிம் ஏறுச்சுன்னா பெட்ரோல் பத்தல, பம்ப்போ ஃபில்டரோ பாருங்க, ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்காகி அளவைக் குறைச்சுச் சொன்னாலும் இதே மாதிரி ஏறும். இந்த ஒரு சோதனையை மட்டும் முதல் நாளே பண்ணியிருந்தா நான் பம்ப்பைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

5. ஏர் லீக் தேடுறது (இதுல அவசரப்படாதீங்க)

பழைய வண்டில ரப்பரெல்லாம் வயசாகி ஒண்ணு காஞ்சு வெடிச்சிருக்கும், இல்ல எண்ணெய் ஊறி கொழகொழன்னு ஆகியிருக்கும். என் எல்போ ரெண்டாவது ரகம். குளிர்ல ரப்பர் விறைப்பா இருக்கும், கிழிசல் மூடியிருக்கும், அதுவுமில்லாம குளிர் இஞ்சினுக்கு கம்ப்யூட்டர் எப்படியும் பெட்ரோலைக் கூடுதலாத்தான் விடும், அதனால லீக் வெளிய தெரியாது. சூடானதும் ரப்பர் இளகி வாயைத் திறக்கும், பெட்ரோலும் குறையும், ஆஃப். காலைல நல்லா இருக்குதே அப்போ லீக்கா இருக்காதுன்னு நான் முடிவு பண்ணதுக்குப் பின்னாடி இதுதான் இருந்துச்சு.

வேக்குவம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டுல (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற குழாய்) நேரா இருக்குற ஒரு குழாய்ல மாட்டுங்க. நல்ல இஞ்சின் சூடான ஐடில்ல, கடல் மட்டத்துல, 17ல இருந்து 21 இன்ச் (பாதரச அளவு) வரைக்கும் காட்டும், முள்ளு ஆடாம நிக்கும். உயரமான ஊர்ன்னா ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஒரு இன்ச் கழிச்சுக்கோங்க. முள்ளு ஆடாம ஆனா கம்மியா நின்னா ஏர் லீக் அல்லது டைமிங் பின்தங்கியிருக்கு. சீரான இடைவெளில டக் டக்னு விழுந்தா ஒரு சிலிண்டர்ல வால்வோ பிளக்கோ பிரச்சினை. 2500ல பிடிச்சு வைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே போனா சைலன்சர் லைன்ல அடைப்பு, பெரும்பாலும் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்.

லீக் எங்கன்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு ஹோஸா நுனி மூக்கு பிளையர்ல லேசா நசுக்கிப் பாருங்க, எதை நசுக்கும்போது ஐடில் மாறுதோ அந்த லைன்லதான் இருக்கு. ரொம்பக் காஞ்ச ஹோஸை நசுக்காதீங்க, நசுக்குன இடத்துலயே புதுசா ஒரு லீக் வரும். பிரேக் பூஸ்டர் ஹோஸை மறக்காதீங்க, ஐடில்ல பிரேக் மிதிச்சுப் பிடிச்சா உஸ்னு சத்தம் வந்து ஐடில் மாறுனா பூஸ்டர்ல ஓட்டை, இது ஐடில் பிரச்சினை மட்டும் கிடையாது, பிரேக் பிரச்சினை, அன்னைக்கே சரி பண்ணுங்க.

மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரமா தண்ணி ஸ்ப்ரே அடிச்சுப் பார்க்கலாம், அந்த இடத்துல ஐடில் தடுமாறும். நிறைய பேர் கார்ப் கிளீனர் அடிப்பாங்க, இன்னும் தெளிவா தெரியும்தான், ஆனா அது தீப்பிடிக்கிற சரக்கு, சூடான எக்ஸாஸ்ட் பக்கமோ பழைய பிளக் ஒயர் பக்கமோ போனா பானெட்டோட போயிடும். தீயணைப்பான் பக்கத்துல இல்லாம செய்யாதீங்க. இஞ்சினை ஓட விட்டுப் பண்ற எல்லா சோதனையும் திறந்த வெளியில, மூடின ஷெட்டுக்குள்ள வேண்டாம். எதுலயும் சிக்கலைன்னா மெக்கானிக்கிட்ட போய் ஸ்மோக் டெஸ்ட் மட்டும் பண்ணச் சொல்லுங்க, புகையை உள்ள விட்டா ஓட்டை வழியா வெளிய வரும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடியுற வேலை. என் எல்போ அதுலதான் மாட்டுச்சு.

ஒரு குறிப்பு. உங்க வண்டில ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாம மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்குறது) மட்டும் இருந்தா ஏர் லீக் வந்தா ஐடில் குறையுறதுக்குப் பதிலா ஏறலாம். இதைப் பார்த்துக் குழம்பாதீங்க.

6. கரி எடுக்கிற வேலை

த்ராட்டில் பாடியைத் திறந்து தட்டுக்குப் பின்னாடி விரலை விட்டா கருப்பா வரும். த்ராட்டில் கிளீனரும் துணியும் போதும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில்னா சாவி ஆன்ல இருக்கும்போது தட்டைக் கையால தள்ளாதீங்க. ஐடில் வால்வைக் கழட்டி நுனியையும் அது உட்கார்ற ஓட்டையையும் சுத்தம் பண்ணுங்க, புதுசு வாங்குற அவசியம் பல நேரம் வராது. ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதுக்குன்னு விக்கிற கிளீனர் மட்டும்தான், உள்ள இருக்குற கம்பியை எதாலயும் தொடாதீங்க, நல்லா காஞ்சப்புறம் மாட்டுங்க.

ஐடில் குறையுதுன்னு த்ராட்டில் பக்கத்துல இருக்குற ஸ்க்ரூவைத் திருகி ஏத்தி விடுறவங்க இருக்காங்க. அது கம்பெனில செட் பண்ணது. திருகினா ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும், அப்புறம் த்ராட்டில் சென்சார் அளவும் மாறி, உண்மையான பிரச்சினையும் மறைஞ்சு, அடுத்து பார்க்கிறவனுக்கு தலையும் புரியாது காலும் புரியாது.

இஜிஆர் வால்வு எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திருப்பி உள்ள விடுறது, ஐடில்ல அது மூடியிருக்கணும். கரி கட்டி லேசா திறந்தே நின்னா குலுங்கும், ஆஃப் ஆகும், ஆனா வேகமா போனா தெரியாது. வேக்குவத்துல வேலை செய்ற வால்வுன்னா கை பம்ப் வச்சு ஐடில்ல இழுத்துப் பாருங்க, இஞ்சின் திணறணும். திணறலைன்னா வால்வு திறக்கல, இல்ல வழி அடைச்சிருக்கு. விட்டப்புறமும் திணறுனா வால்வு மூடல. பிசிவி வால்வைக் (இஞ்சின் அடிப்பகுதி ஆவியை இன்டேக்குக்கு விடுறது) கழட்டி ஆட்டினா கடகடன்னு கேட்கணும், அதோட ஹோஸைத்தான் முக்கியமா பாருங்க, என் எல்போ அந்த லைன்தான்.

7. நெருப்பு பக்கம்

பிளக்கைக் கழட்டி சிலிண்டர் வரிசைப்படியே அடுக்கி வைங்க. லேசான பழுப்புன்னா நல்லது. கரி படிஞ்ச கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளை வெளேர்னா காத்து ஜாஸ்தி, எண்ணெய் பிசுக்குன்னா ரிங்கோ வால்வு சீலோ. எல்லாம் ஒரே நிறமா இருந்தா எல்லா சிலிண்டருக்கும் பொதுவான பிரச்சினை, ஒண்ணு மட்டும் வேற மாதிரின்னா அந்த சிலிண்டரைப் பிடிங்க.

எந்த சிலிண்டர் சோம்பேறின்னு தெரிய, ஐடில்ல ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழட்டி மாட்டுங்க. எதைக் கழட்டினா ஆர்பிஎம் இறங்கலையோ அதுதான் ஏற்கெனவே வேலை செய்யாதது. பிளக் ஒயரைப் புடுங்கிப் பார்க்கிற பழைய வழி வேண்டாம், ஷாக் அடிக்கும், மாட்யூலும் போகும். ராத்திரி இருட்டுல பானெட்டைத் திறந்து ஒயர் மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணா லீக் இருக்குற இடத்துல நீலமா பொறி ஓடும், தள்ளி நின்னு பாருங்க. ஒயர் மாத்தும்போது ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டுங்க, மொத்தமா கழட்டிட்டு ஃபயரிங் ஆர்டர் மறந்து உட்கார்ந்தவன் சொல்றேன்.

சூட்டுல டக்குனு ஆஃப் ஆகுறவங்க, ஆஃப் ஆன அதே நிமிஷம் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிச் செல்ஃப் அடிச்சுப் பாருங்க. ஆறினப்புறம் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

8. பெட்ரோல் பக்கமும் கம்ப்ரஷனும்

ஃபில்டர் எப்ப மாத்துனதுன்னு தெரியலைன்னா மாத்திடுங்க. பிரஷர் வண்டிக்கு வண்டி மாறும். த்ராட்டில் பாடிலயே இன்ஜெக்டர் இருக்குற பழசுல சுமார் 10ல இருந்து 15 பிஎஸ்ஐதான், சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் இருக்குறதுல 35ல இருந்து 60 வரைக்கும், சரியான எண் மேனுவல்ல. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர்ல வேக்குவம் ஹோஸ் இருந்தா அதைக் கழட்டி முகர்ந்து பாருங்க, உள்ள பெட்ரோல் இருந்தா ரெகுலேட்டரோட டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சாச்சு. கேஜை மாட்டியே வண்டியை சூடாக்குங்க, குளிர்ல சரியா காட்டி சூட்டுல இறங்குற பம்ப் உண்டு. லைன் கழட்டுறதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸை எடுத்து இஞ்சினை அதுவா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட விட்டு பிரஷரை இறக்கணும், இதை மறந்தா மூஞ்சில பெட்ரோல்.

இவ்ளோ பார்த்தும் ஒரு சிலிண்டர் மட்டும் செத்துக் கிடந்தா கம்ப்ரஷன் (சிலிண்டர் காத்தை எவ்ளோ அமுக்குதுன்னு) பாருங்க. இக்னிஷனையும் பம்ப்பையும் கட் பண்ணி, எல்லா பிளக்கையும் எடுத்து, த்ராட்டிலை முழுசா திறந்து வச்சு செல்ஃப் அடிக்கணும். கம்மியா வர்ற சிலிண்டர், ஜாஸ்தியா வர்றதுல 75 சதவீதத்துக்குக் கீழ இருந்தா இஞ்சினுக்குள்ள வேலை இருக்கு. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்து ஏறுச்சுன்னா ரிங், ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

9. மெக்கானிக்கிட்ட போறதா இருந்தா

ஐடில் சரியில்ல பாருங்கன்னு சொல்லி சாவியைக் கொடுக்காதீங்க. நோட்டைக் காட்டுங்க. சூட்டுல வர்ற பிரச்சினைன்னா வண்டியை சூடாவே கொண்டு போங்க, இல்ல அவரோட சேர்ந்து இருபது நிமிஷம் ஓட்டுங்க. சோதனைக்கு எவ்ளோ, ரிப்பேருக்கு எவ்ளோன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க, கழட்டின பார்ட்டைத் திருப்பிக் கேளுங்க. நான் போன ஒரு ஒர்க்‌ஷாப்புல சோதனைக்குக் காசு வேண்டாம் சார்னு சொல்லி ஒரே வாரத்துல ரெண்டு சென்சார் மாத்திட்டாங்க. அப்புறம் பார்த்த பெரியவர் முதல்லயே சோதனைக்குக் காசு கேட்டாரு, ஸ்மோக் மெஷினை மாட்டினாரு, அன்னைக்கு மதியமே முடிஞ்சுது.

சரி பண்ணப்புறம் ஸ்கேனர்ல கோட் நம்பரை அழிச்சீங்கன்னாலோ பேட்டரி கழட்டினீங்கன்னாலோ கம்ப்யூட்டர் படிச்சு வச்சதெல்லாம் போயிடும், முதல் ரெண்டு மூணு நாள் ஐடில் கொஞ்சம் கோணலா இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி எதையும் கழட்டாதீங்க. பழைய நோட்டுல எழுதுன அதே நிலைமையில, அதே சூட்டுல, அதே மாதிரி பிரேக் பிடிச்சு நிறுத்தி ஓட்டிப் பாருங்க. டிரிம் ஐடில்ல அஞ்சுக்குள்ள வந்துச்சான்னு பாருங்க, எனக்கு 22ல இருந்து 4க்கு வந்துச்சு.